மலைச்சரிவும் கணித வகுப்பும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபிலே வந்தவர்கள் நாம். ஆயினும், கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் தமிழ்ப் பாடசாலைகளைக் கண்டறிந்தோர்க்கு, அவ்விரு கண்களுள் ஒன்று அங்கே இன்னும் நன்றாகத் திறக்கவில்லை என்பது விளங்காமற் போகாது. எழுத்து ஒருவாறு வந்துவிட்டது. எண் இன்னும் வந்து சேரவில்லை.

பேராதனையிலே, மகாவலிக் கரையில், நாட்டின் மூத்த பொறியியற் பீடம் இருக்கின்றது. 1950ஆம் ஆண்டு கொழும்பிலே தொடங்கி, 1964இல் இவ்விடத்திற்கு வந்த பீடம் அது. அங்கிருந்து ஒன்றிரண்டு மணிநேர பஸ் பயணத்தில் ஹந்தானையும் கலஹாவும் தெல்தோட்டையும் வந்துவிடும். தொலைவு இவ்வளவே. ஆனால் அத்தோட்டங்களிலே பிறந்த ஒரு பிள்ளை அப்பீடத்தின் வாயிலை அடைவதற்குக் கடக்க வேண்டிய தொலைவு எவ்வளவு என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

இத்தொலைவைக் குறைக்க வேண்டுமென்ற நல்லெண்ணம் நம்மிடையே இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மாணவரும் பட்டம் பெற்ற பொறியியலாளரும் விடுமுறை நாட்களிலே ஊதியம் கருதாது கருத்தரங்குகள் நடத்துகின்றனர். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர் நடத்திவரும் உயர்தர முன்னோடிப் பரீட்சையைத் தமிழ்மொழி மூலம் கற்போர் நன்கறிவர். இத்தொண்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் ஒன்று கூற வேண்டும். இவை பெரும்பாலும் கணிதப் பிரிவிலே ஏற்கெனவே சேர்ந்துவிட்ட மாணவனுக்கே பயன்படுகின்றன. கதவைத் தாண்டியவனுக்குக் கிடைக்கும் உதவி அது. கதவருகே வராமலே திரும்பிவிடும் பிள்ளைக்கு யார் துணை?

உயர்தரத்திலே கணித, விஞ்ஞானப் பிரிவுகளை நடத்தும் பாடசாலைகளை 1ஏபி வகுப்புப் பாடசாலைகள் என்கின்றோம். தோட்டப்புறங்களிலே இவை மிகச் சில. ஆகவே எண்ணிலே கூர்மையுள்ள பிள்ளையும், அருகிலுள்ள பாடசாலையிலே கலைப்பிரிவு ஒன்றே இருத்தலால், அதிலேயே அமைந்துவிடுகின்றது. அது விருப்பத்தாற் செய்த தெரிவன்று, வேறு வழியின்மை.

பல்கலைக்கழக அனுமதி முறையும் இங்கே ஒரு சிக்கலை உண்டாக்குகின்றது. பெரும்பாலான பாடநெறிகளுக்கு இடங்களிலே நூற்றுக்கு 40 நாடளாவிய திறமையின்படியும், 55 மாவட்ட அடிப்படையிலும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று, கண்டி அவ்வாறன்று. எனவே தெல்தோட்டைத் தோட்டத்துப் பிள்ளை, கண்டி நகரத்துப் பெரும் கல்லூரிகளின் பிள்ளைகளோடு ஒரே நிரையில் நின்று போட்டியிட வேண்டியிருக்கின்றது. மாவட்டத்தின் பெயர் ஒன்றுதான், வாய்ப்புகளோ இரண்டு.

ஆகையால், தொண்டு செய்ய முன்வரும் பொறியியலாளர்களிடம் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றேன்.

முதலாவது, ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள சிறாரை நாடுங்கள். கணிதத்தின்மீது அச்சம் வேரூன்றுவதும் ஆர்வம் தளிர்ப்பதும் அப்பருவத்திலேதான்.

இரண்டாவது, அவர்கள் கண்முன்னே உள்ளவற்றைக் கொண்டே கற்பியுங்கள். பேராதனையிலே ஒருகாலத்தில் முதிரை மரத்தாலான பாலம் ஒன்று மகாவலியை 205 அடி நீள ஒற்றை வளைவினாற் கடந்து நின்றது. 1905இல் அது அகற்றப்பட்டது. ஆற்றின் கீழ்ப்போக்கிலே, 1985இல் நிறைவுற்ற விக்டோரியா அணை 122 மீற்றர் உயரத்தில் வளைந்து நிற்கின்றது. இரண்டும் தாங்கும் பாரத்தை வளைவின் வழியே கரைகளுக்குச் செலுத்துகின்றன. இரு புத்தகங்களுக்கிடையே ஓர் அட்டையை வளைத்து நிறுத்தினால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் இவ்வுண்மை புலப்படும். கடுகண்ணாவ ஏற்றத்திலே இரயில் ஏறத்தாழ 45 அடி செல்லுகையில் ஓர் அடி உயர்கின்றது. படித்திறனைக் கற்பிக்க இதனினும் நல்ல பாடம் உண்டோ? கொழுந்து நிறுக்குமிடத்திலே தாயின் கூடையிலிருந்து எத்தனை கிலோ கழிக்கப்பட்டது என்று கணக்கிடும் பிள்ளை, நூற்றுவீதத்தை ஒருநாளும் மறவாது.

மூன்றாவது, தமிழிலே பேசுங்கள். பொறியியலாளர் ஆங்கிலத்திற் கற்றவர். பிள்ளையின் பாடநூலோ அமுக்கம், உராய்வு, விசை என்று கூறுகின்றது. வகுப்பறைக்குட் புகுமுன் அப்பாடநூலை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் அவர் கடன். மானிப்பாயிலே அமெரிக்க வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலே மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்துக் காட்டினார். பிறநாட்டார் ஒருவருக்கு இயன்றது தமிழ்ப் பொறியியலாளருக்கு இயலாதா?

இவற்றையெல்லாம் ஒருநாள் விழாவாகச் செய்து முடித்தலும் ஆகாது. இந்தியாவின் மத்தியப் பிரதேசத்திலே, அன்றைய ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972ஆம் ஆண்டு 16 பாடசாலைகளிலே ஒரு விஞ்ஞானக் கல்வித் திட்டம் தொடங்கிற்று. டில்லிப் பல்கலைக்கழகத்தினரும் பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்தினரும் கிராமங்களுக்கே சென்றனர். ஆனால் ஆசிரியரை ஒதுக்கிவிட்டுத் தாமே பாடம் நடத்தி மீளவில்லை. அவ்வூர் ஆசிரியரையே பயிற்றினர். எளிய பொருள்களாற் சோதனை செய்யும் முறையை வகுத்தனர். அத்திட்டம் பல நூறு பாடசாலைகளுக்குப் பரவிற்று. 2002இல் அரசு அதனை நிறுத்தியது; ஆயினும் பயிற்சி பெற்ற ஆசிரியரின் அறிவை எந்த ஆணையும் நிறுத்திவிட முடியாது. விருந்தினர் போய்விடுவர், ஆசிரியர் இருப்பார். அவரை வலிமைப்படுத்துவதே நிலைக்கும் தொண்டு.

"எல்லாப் பிள்ளைகளும் பொறியியலாளராகிவிடப் போகின்றனரா?" என்று சிலர் கேட்கலாம். ஆகவேண்டியதில்லை. ஆனால் மலையிலே வாழ்வோர்க்கு விஞ்ஞானம் அலங்காரமன்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையிலே மலை சரிந்து லயன் வீடுகளைப் புதைத்ததை நாம் மறக்கவில்லை. நீர் ஊறிய மண் ஏன் தன் பிடிப்பை இழக்கின்றது என்பது பௌதிகவியற் பாடம்; எந்தச் சரிவிலே வீடு கட்டலாகாது என்பது கணிதப் பாடம். அச்சரிவிலே உறங்கும் குடும்பத்திற்கோ அது உயிர்ப் பாடம்.

மண்ணின் இயல்பை ஆய்ந்து உலகப் புகழ் பெற்றவர்களுள் ஒருவர் நம்மவரே. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் பயின்ற பேராசிரியர் அ. துரைராஜா, கேம்பிரிஜ்ஜிலே ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்பாருடன் இணைந்து 1963இல் வெளியிட்ட களிமண் பற்றிய கட்டுரை மண்பொறியியலில் இன்றும் எடுத்தாளப்படுகின்றது. பின்னர் அவரே பேராதனைப் பொறியியற் பீடாதிபதியாகவும் விளங்கினார். அத்தகைய ஒருவர் நாளை லயன் வீட்டிலிருந்தும் தோன்றக் கூடாதா? தான் வாழும் மலையைத் தானே அளந்து கூறும் அறிஞரை மலைநாடு பெறவேண்டாமா?

பாடசாலைகளிலே கணித, விஞ்ஞானப் பிரிவுகளைத் திறப்பதும் ஆசிரியரை நியமிப்பதும் அரசின் கடமை. அக்கடமையினின்று அதனை விடுவிக்கத் தொண்டு ஒரு சாக்காகிவிடலாகாது. ஆனால் அரசு வரும்வரை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஆறாம் வகுப்பிலேயே காத்திராது. ஒரு பொறியியலாளர், ஒரு தோட்டப் பாடசாலை, மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஓராண்டுக் காலம்: இவ்வளவே நான் கேட்பது. கண்டியிலும் பேராதனையிலும் உள்ளோர் இதனை வரும் தவணையிலேயே தொடங்கலாம்.