130 சதவீதம்

அண்ணன் மகள் தனியார் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர். பதவி உயர்வுக்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தவள் போன வாரம் போனில் கேட்டாள்: “சித்தப்பா, ஒரு பேப்பர்ல மூணு பேர் இருந்தா மெயின் ஆளுக்கு எழுபது பர்சென்ட், மத்த ரெண்டு பேருக்கும் முப்பது முப்பது. கூட்டினா நூத்து முப்பது வருதே, தப்பா போட்டுட்டேனா?”

தப்பில்லை. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறை அப்படித்தான் சொல்கிறது. இரண்டு பேர் எழுதினால், பேப்பருக்குரிய புள்ளியில் ஆளுக்கு 70 சதவீதம். மூன்றோ அதற்கு மேலோ என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. பத்துப் பேர் சேர்ந்தால் ஒரே பேப்பர் 340 சதவீதமாகிவிடும். ஜெனீவா துகள் மோதுவியின் இரண்டு குழுக்கள் சேர்ந்து 2015இல் வெளியிட்ட பேப்பரில் 5,154 பெயர்கள். அதை நம் கணக்கில் போட்டால் 1,54,660 சதவீதம்! துறையில் நாலு பேர் ஒருவர் பேப்பரில் ஒருவர் பெயர் போட்டுக்கொள்வது ஏன் என்று இதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை.

1975இல் அமெரிக்க இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன் தனியாக எழுதிய பேப்பர் ஒன்றில் ‘நாங்கள், நாங்கள்’ என்றே எழுதிவிட்டார். தனி ஆள் அப்படி எழுதினால் இதழ் திருப்பி அனுப்பிவிடும் என்று நண்பர் எச்சரித்தார். டைப்ரைட்டரில் அடித்ததை முழுக்க மறுபடி அடிக்கச் சோம்பல்பட்டு, தன் பூனையின் பெயரை எஃப். டி. சி. வில்லார்ட் என்று மாற்றி இரண்டாம் ஆசிரியராகச் சேர்த்தார். பேப்பர் அச்சாகிவிட்டது. நம் விதிப்படி பூனைக்கும் 70.

இதே விதியை உயிரியற்பியலாளர் ஜி. என். ராமச்சந்திரனுக்குப் போட்டுப் பார்த்தேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலிருந்து அவரும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் 1963இல் எழுதிய பேப்பர் ஐந்தே பக்கம். விதிப்படி அவருக்கு 70, மற்ற இருவருக்கும் முப்பது முப்பது. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு திருப்பங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் 360 டிகிரி வரை திருப்பலாம் என்று தோன்றும். ஆனால் இரண்டு அணுக்கள் ஓரளவுக்கு மேல் நெருங்க முடியாது. எந்தெந்தக் கோணத்தில் அணுக்கள் இடித்துக்கொள்ளும், எதில் இடிக்காது என்று மேசைக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். இரண்டு கோணங்களையும் இரு அச்சுகளாக வைத்த சதுரமான வரைபடத்தில் பெரும்பகுதி காலி, அங்கங்கே சில தீவுகள் மட்டும் மிஞ்சின. புரதம் அந்தத் தீவுகளுக்குள்தான் பெரும்பாலும் இருந்தாக வேண்டும்.

இன்றைக்கு உலகில் எந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், சரியாக வந்திருக்கிறதா என்று ‘ராமச்சந்திரன் பிளாட்’ போட்டுப் பார்க்காமல் விடுவதில்லை. சாஃப்ட்வேரே அதைப் போட்டுத் தந்துவிடுகிறது. அந்தப் பேப்பருக்கு ஆயிரக்கணக்கில் சைட்டேஷன், அதாவது மற்ற பேப்பர்களில் மேற்கோள், உண்டுதான். ஆனால் பிளாட்டைப் பயன்படுத்துகிறவர்களில் பலர் 1963ஆம் ஆண்டுப் பேப்பரை அடிக்குறிப்பில் சேர்ப்பதேயில்லை. பெயரைச் சொன்னாலே போதும் என்றாகிவிட்டது. ஒரு கண்டுபிடிப்பு பொதுச்சொத்தாகக் கரைந்துபோனால் சைட்டேஷன் நின்றுபோகும் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் முன்பே எழுதியிருக்கிறார். சைட்டேஷனை எண்ணும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தின் கண்ணுக்கு இந்தப் புகழ் தெரியாது.

எதிர்ப்பக்கம் உயிர்வேதியியலாளர் ஆலிவர் லௌரி. கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சொன்ன அவருடைய 1951ஆம் ஆண்டுப் பேப்பருக்கு மூன்று லட்சத்துக்கு மேல் சைட்டேஷன். ‘நேச்சர்’ இதழ் 2014இல் போட்ட பட்டியலில் அதுதான் முதலிடம். அப்படியொன்றும் மகத்தான பேப்பர் அல்ல என்பதே லௌரியின் எண்ணம். டி.என்.ஏ.வின் வடிவத்தைச் சொன்ன வாட்சன் – கிரிக் பேப்பர் அந்தப் பட்டியலின் முதல் நூறில்கூட இல்லை.

இதில் சைட்டேஷன் அட்டவணையைக் கண்டுபிடித்தவரைக் குறை சொல்ல மாட்டேன். யூஜின் கார்ஃபீல்டு 1955இல் யோசனை சொன்னதும் 1964இல் அச்சிட்டதும், பழைய பேப்பரிலிருந்து அதைத் தொட்டு எழுதிய புதிய பேப்பர்களுக்கு வழி தேடத்தான். ஒரு தீர்ப்பைப் பின்னால் எந்தெந்த வழக்கில் காட்டினார்கள் என்று அமெரிக்க வக்கீல்கள் பார்த்துவந்த புத்தகம்தான் அவருக்கு முன்மாதிரி. ஆளுக்கு ஆள் மதிப்பெண் போடும் எச்-இண்டெக்ஸ் 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் கொடுத்தது: 20 என்றால், தலா 20 முறையாவது காட்டப்பட்ட 20 பேப்பர்கள். வாழ்நாளில் ஐந்தே பேப்பர் எழுதி உலகத்தைப் புரட்டிப்போட்டாலும் ஐந்துக்கு மேல் ஏறாது. அது மோசமான விளைவுகளையும் தரக்கூடும் என்று 2020இல் ஹிர்ஷே எழுதிவிட்டார். அதற்குள் நம் ஊர் விண்ணப்பங்களில் அதற்கென்று ஒரு கட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது.

கூட்டு உழைப்பைத்தான் எந்தக் கட்டத்திலும் அடைக்க முடியவில்லை. கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று 1952இல் சென்னை வந்திருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னால் சொன்ன பேச்சுதான் ராமச்சந்திரனை அந்தப் பக்கம் திருப்பியது. கொலாஜன் கொடுத்தது பக்கத்திலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். ராமச்சந்திரனும் உடன் வேலை செய்த கோபிநாத் கர்த்தாவும் 1954இல் ‘நேச்சர்’ இதழில் கொலாஜனின் வடிவம் மூன்று புரி முறுக்கு என்று எழுதினார்கள். புள்ளி போட்டால் கர்த்தாவுக்கும் ராமச்சந்திரனுக்கும் ஆளுக்கு 70. பேச்சுக்கும் பொருளுக்கும் பூஜ்யம்.

அண்ணன் மகளின் பேப்பரில் மூன்றாவது பெயர் அவளுடையது. ஆனால் கோடை முழுக்கக் கருவியின் முன்னால் உட்கார்ந்து அளவெடுத்தவள் அவள்தான். முப்பது கிடைக்கும். ‘இதில் நீ செய்தது என்ன, அரைப் பக்கம் எழுது’ என்று அந்த விண்ணப்பத்தில் எங்குமே கேட்கவில்லை. யார் என்ன செய்தார்கள் என்பதைப் பல இதழ்கள் பேப்பரின் கடைசியிலேயே அச்சிடுகின்றன, எடுத்து ஒட்டினால் போதும். அதிலும் பொய் எழுதலாம்தான். ஆனால் நேர்காணலில் எதிரே உட்கார்ந்து, “அந்தக் கருவியை எப்படிச் சரிசெய்தீர்கள்?” என்று ஒரு கேள்வி கேட்டால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதற்குக் கேட்கிறவரும் பேப்பரைப் படித்திருக்க வேண்டும். வம்பு அங்கேதான்.