வேற்றுக்கோளில் ஒரு தங்கவயல்

2024 ஆகஸ்டில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்த ‘ஏலியன்: ரோமுலஸ்’ ஒரு திகில் படமாகவே பேசப்பட்டது. ஆனால் அதன் முதல் இருபது நிமிடங்களில் கொடிய மிருகம் எதுவும் இல்லை. அங்கே இருப்பது ஒரு சுரங்கம். கதிரவன் ஒளியே படாத ஒரு வேற்றுக்கோள், அதை முழுவதுமாக ஆளும் ஒரே ஒரு நிறுவனம், நச்சுக் காற்றை முன்கூட்டி அறியக் கூண்டுக் குருவியைச் சுமந்து செல்லும் தொழிலாளர்கள். ஃபெடே அல்வாரெஸ் இயக்கிய இப்படத்தின் சிறந்த பகுதி இதுதான். இதை விட்டுவிட்டுப் பின்பகுதியின் அலறல்களை மட்டும் பேசுவது படத்துக்கும் நியாயமன்று, பார்ப்பவருக்கும் பயனன்று.

கதைத்தலைவி ரெய்ன் ஓர் இளம் தொழிலாளி. தாய், தந்தை இருவரும் சுரங்கத்தில் உழைத்து நுரையீரல் நோயால் இறந்தவர்கள். ஒப்பந்தப்படி 12,000 மணி நேரம் உழைத்து முடித்துவிட்டோம், இனி வெயில் அடிக்கும் வேறொரு கோளுக்குப் போகலாம் என்று நம்பி அலுவலகத்தின் முன் வரிசையில் நிற்கிறாள். ஆள் பற்றாக்குறை என்பதால் ஒப்பந்தம் 24,000 மணி நேரமாக உயர்த்தப்பட்டிருக்கிறது என்று அங்கிருக்கும் ஊழியர் தெரிவிக்கிறார். குரலில் சினமும் இல்லை, இரக்கமும் இல்லை. போதாக்குறைக்கு, அவளைப் பெற்றோரைக் கொன்ற அதே சுரங்க வேலைக்கு மாற்றுகிறார்கள். நிறுவனத்துக்கு நன்றி என்ற வாய்பாட்டோடு உரையாடல் முடிகிறது. படத்தில் இதைவிட அச்சுறுத்தும் காட்சி வேறில்லை.

பூதிகோட்டையில் இருப்போருக்கு இக்காட்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஹைதர் அலி பிறந்த அந்த ஊரின் பெயரிலேயே சாம்பல் இருக்கிறது. அதற்குக் கிழக்கே, கோலார் தங்கவயலில், தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட கழிவு மண் பதின்மூன்று மேடுகளாக நிற்கிறது. சயனைடு மேடு என்று மக்கள் அழைக்கும் அவற்றின் புழுதி காற்றுக் காலத்தில் வீட்டுக்குள் வந்து படியும். 1880-இல் அங்கே நுழைந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம், வட ஆற்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தலித் உழைப்பாளிகளைக் கொண்டே மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்துக்குப் பூமியைத் தோண்டியது. 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட மருத்துவ ஆய்வில் நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் சிலிகோசிஸ் இருந்தது கண்டறியப்பட்டது. ரெய்னின் பெற்றோரைக் கொன்ற நோய்க்கு இயக்குநர் கற்பனையைத் தேடிப் போகத் தேவையே இருந்திருக்காது.

படத்தின் இரண்டாவது வலிமை ஆண்டி. குப்பையிலிருந்து எடுத்து ரெய்னின் தந்தை சீர்செய்த செயற்கை மனிதன் அவன். ரெய்னுக்கு எது நன்மையோ அதைச் செய் என்பது அவனுக்கு இடப்பட்ட ஒரே கட்டளை. இடையில், பழுதடைந்த விண்நிலையத்தில், வேறொரு சில்லு அவனுக்குள் செருகப்படுகிறது. முகமும் குரலும் அவனுடையவை. கட்டளை மட்டும் நிறுவனத்துக்கு எது நன்மையோ அதைச் செய் என்று மாறிவிடுகிறது. இயந்திரம் நல்லதா கெட்டதா என்ற சலித்துப்போன கேள்வியைத் தள்ளிவிட்டு, இயந்திரம் யாருடைய கட்டளைக்குக் கீழ்ப்படிகிறது என்ற கேள்வியைப் படம் எழுப்புகிறது. செயற்கை நுண்ணறிவு பற்றி இன்று நடக்கும் விவாதங்கள் பலவற்றில் இந்தத் தெளிவைக் காண முடிவதில்லை. டேவிட் ஜான்சனின் நடிப்பு அதற்குப் பெருந்துணை.

விண்நிலையத்தில் நிறுவனம் நடத்திவந்த ஆய்வின் நோக்கமும் கவனிக்கத்தக்கது. சுரங்கத்தில் மனிதன் சீக்கிரம் செத்துப் போகிறான்; ஆகவே சுரங்கத்தை மாற்ற வேண்டாம், மனிதனை மாற்று! மூலதனத்தின் தர்க்கத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

இந்தக் கூர்மை படவரிசையின் வேரிலேயே உண்டு. 1979-இல் ரிட்லி ஸ்காட் எடுத்த முதல் படத்தின் நாயகர்கள் தாதுப்பொருள் ஏற்றிச் செல்லும் கப்பலின் ஊழியர்கள். அவர்களுள் இருவர் தொடக்கத்திலேயே போனஸ் பங்கு கேட்டுச் சண்டையிடுவர். கப்பலின் பெயர் ‘நாஸ்ட்ரமோ’. ஒரு வெள்ளிச் சுரங்கத்தைச் சுற்றி ஜோசப் கான்ராடு 1904-இல் எழுதிய நாவலின் பெயர் அது.

ஆனால் ‘ரோமுலஸ்’ தன் வேரைவிடத் தன் புகழையே அதிகம் நேசிக்கிறது. முந்தைய படங்களின் புகழ்பெற்ற வசனங்கள் தேவையில்லாத இடங்களில் திரும்ப ஒலிக்கின்றன. இறுதியில் வரும் கலப்பு உயிரி, 1997-இல் வந்த நான்காவது படத்தின் மறுபதிப்பு. 2020-இல் மறைந்த இயன் ஹோமின் முகத்தைக் கணினியால் உயிர்ப்பித்து ஒரு முழுப் பாத்திரமாக உலவவிட்டது இன்னும் மோசம். குடும்பத்தாரின் இசைவு பெறப்பட்டது என்கிறார்கள். பெறப்பட்டிருக்கட்டும். இறந்த பின்னும் உழைப்பாளிக்கு ஒப்பந்தம் முடிவதில்லை என்பதைக் கண்டிக்கும் கதையே அதைச் செய்துகாட்டுவது விந்தைதான்.

படத்தின் பெருங்குறை வேறு. இளைஞர் அறுவரும் விண்ணில் ஏறியதும் சுரங்கக் குடியிருப்பு கதையிலிருந்து மறைந்துவிடுகிறது. அந்த வரிசையில் ரெய்னுக்குப் பின்னால் நின்றவர்கள் என்ன ஆனார்கள்? இரட்டிப்பாக்கப்பட்ட மணிக்கணக்கை அவர்கள் எப்படி எதிர்கொண்டார்கள்? படத்துக்கு அக்கறை இல்லை. தப்பி ஓடுவது ஒன்றே அதற்குத் தெரிந்த விடுதலை. தொழிற்சங்கம் என்ற சொல்லைக்கூட அதன் எதிர்காலம் அறியாது.

தங்கவயலின் கடந்த காலம் அறிந்திருந்தது. கைரேகை பதிவு செய்ய வேண்டும் என்ற ஆணைக்கு எதிராக 1930-இல் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றில் இறங்கத் துணிந்தவர்கள், தங்கள் விரல் நுனியை நிறுவனத்திடம் ஒப்படைக்க மறுத்தார்கள். தோழர்கள் கே.எஸ். வாசன், வி.எம். கோவிந்தன் போன்றோர் கட்டிய செங்கொடிச் சங்கத்தின் காலத்தில், 1946 நவம்பர் 4 அன்று நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிர்நீத்தார்கள். விண்வெளிக் கதை எழுதுவோருக்கு இவ்வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் அந்த ஊரின் பெயரையே தலைப்பாகச் சூட்டிக்கொண்டு 2018-இல் வந்த கன்னடப் படமும் இதை அறியாது. அதில் தொழிலாளர்கள் ஓர் இரட்சகனுக்காகக் காத்திருக்கும் அடிமைக் கூட்டம். அதனோடு ஒப்பிட்டால், தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள முனையும் ஹாலிவுட் இளைஞர்கள் எவ்வளவோ மேல். ‘ரோமுலஸ்’ வருவதற்கு ஒரு வாரம் முன்பு வெளியான ‘தங்கலான்’, பல குழப்பங்களோடும், தங்கத்தைத் தோண்டியவர்களின் சாதியையும் நிலத்தையும் பேசத் துணிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அறிவியலுக்கும் அந்த மண் அந்நியமானதன்று. காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் உண்டாக்கும் நியூட்ரினோக்களின் தடயத்தை 1965-இல் உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த ஆய்வுகளுள் ஒன்று சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் நடந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. அறிஞர்களின் கருவிகளும் தொழிலாளர்கள் வெட்டிய அதே வழியாகத்தான் கீழே இறங்கின. ஆழமான தளங்கள் கைவிடப்பட்டபோது ஆய்வுக்கும் இடமில்லாமல் போயிற்று.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் வளர்ந்த தலைமுறைக்கு ரெய்னின் வழியே வாழ்க்கைமுறை ஆகிவிட்டது. பங்காருப்பேட்டையில் விடியலில் ரயிலேறிப் பெங்களூரு சென்று, இரவில் திரும்பி, அடுத்த விடியலில் மீண்டும் ஏறுகிறார்கள். தனித்தனியாகப் பயணம் போகிறவர்களை எங்கே, எந்த நேரத்தில் சந்தித்துச் சங்கமாக்குவது என்பது அங்குள்ள தோழர்களின் அன்றாடச் சிக்கல். இதற்கிடையே, அந்தப் பதின்மூன்று கழிவு மேடுகளிலும் எஞ்சிய தங்கத்தை எடுக்க ஏலம் விடும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆயிரம் ஏக்கர் நிலம், மூன்று கோடி டன்னுக்கும் மேலான புழுதி. அதைக் கிளறும்போது எழும் காற்றைச் சுவாசிக்கப் போகிறவர்கள் யார், அவர்களுக்கு என்ன மருத்துவம், எத்தனை மணி நேர வேலை, யாருடைய ஒப்பந்தம் என்பவற்றை ஏலம் முடிவதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.