பண்பா, பணிவிடையா?

"தண்ணீர் கொடுங்கள்" என்கிறான் நம் மாணவன். மரியாதை எங்கே இருக்கிறது? 'ங்கள்' என்னும் அந்த ஈற்றிலே! அதையே ஆங்கிலமாக்கி "கிவ் மீ வாட்டர்" என்றதும் ஈறு உதிர்கிறது, உடன் மரியாதையும் உதிர்கிறது. கேட்டவர் முகம் சுளிக்கிறார். முரடனா அவன்? அல்லன்! நீ, நீர், நீங்கள் எனப் படிகள் நமக்கு உண்டு. ஆங்கிலமோ பழைய 'தௌ'வைப் பொதுவழக்கில் கைவிட்டு, அரசனுக்கும் ஆண்டிக்கும் 'யூ' ஒன்றையே வைத்துக்கொண்டது. ஆதலால், "மே ஐ ஹாவ்" என வினாவாக்கி வேண்டுவதே அங்கே மதிப்பு.

இலக்கணத்தைக் கரைத்துப் புகட்டும் வகுப்பு இதைச் சொல்லிற்றா? சொன்னதெல்லாம் என்ன? வரிக்கு மூன்று "சார்"! விடுப்புக் கடிதத்தின் அடியிலே "தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்று ஒரு கும்பிடு! பண்பு கேட்டு வந்தவனுக்குப் பணிவிடையைக் கற்பிக்கிறார்கள்.

பெனிலோப் பிரவுனும் ஸ்டீவன் லெவின்சனும் 1978-இல் வெளியிட்ட மரியாதைப் பேச்சு ஆய்வுக்குக் கோவை மாவட்டச் சிற்றூர் ஒன்றின் தமிழும் சான்றாயிற்று. உலகம் நம்மிடம் படித்த பாடத்தை நம் பிள்ளைக்கு மறைப்பானேன்? நேர்காணலில் "ஐ வான்ட்" என்று சொல்லித் தோற்றுத் திரும்புகிறானே, அவனிடம் வாங்கிய கட்டணத்தில் "ஐ வுட் லைக்" என்ற மூன்று சொல்லுக்கு இடமில்லையா?