இறக்கைக்கு அளவுகோல், மனிதனுக்கு?

குண்டு வீசச் சென்ற விமானம், தான் வீசிய குண்டாலேயே அழிந்துபடாமல் திரும்புமா? வல்லரசுகளை வாட்டிய கேள்விகளுள் இதுவும் ஒன்று!

அணுகுண்டு வெடிக்கும்போது விமானத்தின்மீது இரண்டு அடிகள் விழுகின்றன. முதலாவது வெப்பம், ஒளியோடு ஒளியாக வந்து தகட்டைச் சுடும். இரண்டாவது காற்றதிர்ச்சி, சற்றுப் பின்தங்கி வந்து இறக்கையை முறிக்கப் பார்க்கும். வெப்பத்தைத் திருப்பியனுப்ப வெள்ளை வண்ணம் பூசினர். பிரிட்டனின் குண்டுவீச்சு விமானங்கள் அதைப் பூண்டன. 1961 அக்டோபர் 30-இல் 50 மெகாடன் குண்டைச் சுமந்த சோவியத் விமானமும் பூண்டது.

1956-இல் அமெரிக்கா, பசிபிக் கடலின் பிகினி, எனிவெடோக் தீவுகளில் ‘ரெட்விங்’ என்ற பெயரில் 17 வெடிப்புகளை நடத்திற்று. பி-47, பி-52 முதலிய விமானங்கள், கருவிகளோடும் ஆட்களோடும், வெடிப்பைச் சூழ்ந்த வானில் பறந்தன. தகடு எவ்வளவு சூடேறிற்று, இறக்கை எவ்வளவு வளைந்தது என்று அளந்தனர். அவ்வாண்டு மே மாதம் விமானத்திலிருந்து வீசிய ஹைட்ரஜன் குண்டோ, குறியை ஏறத்தாழ 4 மைல் தவறிற்று! அளவீடுகளிற் பெரும்பகுதி பாழாயிற்று. இறக்கையின் வளைவை அங்குலக் கணக்கில் அளக்கப் புறப்பட்டவர்கள், இலக்கை மைல் கணக்கில் தவறவிட்டார்கள்!

கணக்குத் தவறியது அது முதன்முறையன்று. 1954 மார்ச் 1-இல், சுமார் 6 மெகாடன் என்று மதிப்பிட்ட குண்டு, 15 மெகாடனாகப் பிகினியில் வெடித்தது. ரோங்கலாப் தீவு மக்கள்மீது நச்சுச் சாம்பல் பொழிந்தது; இரண்டு நாட்கள் கழிந்தே அவர்களை அப்புறப்படுத்தினர். ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின் 23 பேரும் சாம்பலில் நனைந்தனர்; அவர்களுள் குபோயாமா அவ்வாண்டு செப்டம்பரில் மாண்டார். விமானத்துக்கு வெள்ளைப் பூச்சு. இவர்களுக்கு என்ன காப்பு?

விமானியும் மனிதன்தானே, அவனைக் காப்பது குற்றமா என்று கேட்கலாம். குற்றமன்று. ஆனால், திரும்பி வரலாம் என்ற உறுதி பிறந்தால், குண்டை ஏவும் கரத்தின் தயக்கம் ஒன்று குறைகிறது. வீசுவோனுக்குக் கிட்டும் அந்தக் காப்பு, கீழே நிற்போருக்குக் காப்பாகாது.

1954 ஏப்ரலிலேயே, சோதனைகளை நிறுத்திவைக்குமாறு நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தார் நேரு. 1963-இல் வான்வெளிச் சோதனைகளைத் தடுக்கும் ஒப்பந்தம் பிறந்தது. எல்லாச் சோதனைகளையும் தடுக்கும் 1996-ஆம் ஆண்டு ஒப்பந்தமோ, இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

தோழர்களே! இறக்கை எவ்வளவு தாங்கும் என்று அளந்துவிட்டார்கள். மானிடம் எவ்வளவு தாங்கும் என்று அளந்து பார்க்க எவருக்கும் உரிமையில்லை. அதை ஊரறியச் சொல்வோம்; ஓயாது சொல்வோம்!