அபராதம் ஏழைக்கு, லாபம் யாருக்கு?

தலைக்கவசம் இல்லாமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். லைசென்சும் மூன்று மாதம் போகும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது இது. கவசம் வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் மில் தொழிலாளியின் தலையை நம்பி ஒரு குடும்பமே இருக்கிறது.

ஆனால் எதை வாங்குவது? அடியைத் தாங்குவது மேல் ஓட்டின் பளபளப்பல்ல; உள்ளே இருக்கும் கெட்டித் தெர்மோகோல் நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. சாலையோரத்தில் மலிவாகத் தொங்கும் சரக்கு பலவற்றில் வெறும் ஸ்பாஞ்சுதான். போலீசுக்குக் காட்ட உதவும், அவ்வளவே!

2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத கவசத்தைச் செய்வதும் விற்பதும் குற்றம். இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சத்துக்குக் குறையாத அபராதம் உண்டு. தொழிலாளியை வழிமறிக்கும் அதிகாரிகள் போலிச் சரக்கின் கிடங்கை எத்தனை முறை மறித்தார்கள்?

முத்திரை இருந்தாலும் நல்லது எது, மிக நல்லது எது என்று அது சொல்லாது. பிரிட்டிஷ் சர்க்கார் 2007-லேயே 'ஷார்ப்' என்ற திட்டம் தொடங்கி, கடைச் சரக்கை வாங்கி இடித்துச் சோதித்து, ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை பகிரங்கமாக வழங்குகிறது. மலிவான கவசங்கள் சில ஐந்து பெற்றன. விலை உயர்ந்தவை சில பின்தங்கின. இங்கும் 2023-ல் 'பாரத் என்கேப்' வந்தது, நட்சத்திரம் கொடுக்க. யாருக்கு? கார் வாங்குபவருக்கு!

வயல் வேலைக்கு மனைவியைப் பின்னால் ஏற்றிச் செல்லும் விவசாயத் தொழிலாளி இரண்டு கவசம் வாங்க வேண்டும். மத்திய சர்க்கார் கவசங்களைச் சோதித்து, முடிவைத் தமிழில் கடைதோறும் ஒட்டட்டும். தேறிய கவசத்தைக் கூட்டுறவுக் கடைகளில் அடக்க விலைக்குக் கொடுக்கட்டும் என்று கேட்கிறோம்.