சாக்கடையில் கரையும் முதல்

சுற்றுச்சூழலைப் பேணப் புகுந்தால் தொழில் நொடித்துப்போகும் என்னும் புலம்பலைப் பாலாற்றங்கரைத் தோல் முதலாளிகளிடம் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறோம். அவர்தம் கணக்கைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

தோல் பதனிடத் தொட்டியில் இடும் குரோமிய உப்பில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கே தோலில் ஏறுகிறது. எஞ்சியது கழிவுநீரோடு போகிறது. காசு கொடுத்து வாங்கிய சரக்கன்றோ அது! மக்னீசியம் ஆக்சைடு இட்டால் குரோமியம் அடியில் படியும்; அதைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மீண்டும் பதனிட உதவும். சில ஆலைகள் இதைச் செய்தும் வருகின்றன.

உப்பின் கதை இன்னும் எளிது. பச்சைத்தோல் கெடாதிருக்கத் தூவிய உப்பை ஊறவைக்குமுன் உதறி எடுக்க ஒரு மரச்சட்டமும் ஓரிரு ஆட்களும் போதும். நீரில் கரையவிட்ட பின்னரோ, சவ்வூடு பரவல் எந்திரமும் ஆவியாக்கியும் வேண்டும், மின்கட்டணம் வேறு. எது மலிவு என்பதைக் கணக்குப்பிள்ளையே சொல்லிவிடுவாரே!

மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்து, ஐந்து மாவட்டத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. உழவர்களின் இழப்பீட்டுக்காக அதே நீதிமன்றம் 2025 ஜனவரியிலும் ஆணையிட வேண்டியிருந்தது. உவர்த்துப்போன கிணறுகளின் விலை எந்த ஆலையின் பேரேட்டில் ஏறியது?

சிறிய ஆலைகளுக்கு இயலாது என்பர். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பலர் கூடி நடத்துகிறவர்கள், குரோமியத்தைக் கூட்டாக மீட்க மட்டும் ஏன் தயங்குகிறார்கள்?