சந்தாதாரர் பதிவேடு யார் கையில்?

களுவாஞ்சிக்குடியில் இணைய இணைப்பு வழங்கும் சிறு நிறுவனம் ஒன்றை ஒருவர் ஆரம்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி கிடைத்துவிட்டது. எழுவான்கரையில் கோபுரம் எழுப்பி, வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்கும் அலைவழி இணைப்புக் கொடுப்பது அவரது திட்டம். நூறு வீடுகள் சந்தா கட்டவும் ஆயத்தம். இனி எஞ்சியிருப்பது ஒரு தீர்மானம்: இணைப்பைக் கேட்டு வருபவர் தமது சந்தாதாரர்தானா என்பதை எம்முறையால் அறிவது?

விற்பனையாளர்கள் இதைப் பூட்டு வாங்கும் விடயம் போலப் பேசுவர். உண்மையில் ஒரு பதிவேடும் அப்போதே திறக்கப்படுகிறது. அதை யோசிக்காமல் எடுக்கும் தீர்மானம் பின்னர் சந்தாதாரரின் தலையிலேயே விடியும்.

மிக எளிய வழி, கருவியின் வன்பொருள் முகவரியைப் பார்த்து உள்ளே விடுவது. இதற்குச் செலவில்லை, பாதுகாப்புமில்லை. அம்முகவரியை எவரும் போலியாக வைத்துக்கொள்ளலாம். 2019இல் வெளியான அண்ட்ரொய்ட் 10 முதல் கைத்தொலைபேசிகளே தம் உண்மையான முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டத் தொடங்கிவிட்டன.

ஆகவே நிறுவனங்கள் பெரிதும் நாடுவது ரேடியஸ் என்னும் நெறிமுறையை. தொலைபேசி வழியே இணையம் வந்த நாளில், 1991இல், அமெரிக்காவின் லிவிங்ஸ்டன் நிறுவனம் ஆக்கியது அது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வந்ததும் வாயிற்கருவி ரேடியஸ் சேவையகத்தைக் கேட்கும்; 'விடலாம்', 'விடக்கூடாது' என மறுமொழி வரும். அத்தோடு வேலை முடிவதில்லை. இன்னார் இத்தனை மணிக்கு வந்தார், இந்த இணைய முகவரியைப் பெற்றார், இவ்வளவு தரவை இறக்கினார், இத்தனை மணிக்குப் போனார் என்று எழுதியும் வைக்கும். கட்டணம் அறவிட இக்கணக்கு வேண்டும். ஒரு வீடு எந்நேரம் விழித்திருந்தது என்பதையும் அதே கணக்குச் சொல்லிவிடும்.

கிழக்கில் வாழ்ந்தவர்களுக்குப் பெயர்ப்பட்டியலின் பொருளை விளக்க வேண்டியதில்லை. யுத்த காலத்தில் வீட்டில் இருப்போர் விபரத்தைப் பதிந்து கொடுத்தவர்கள் நாம். பட்டியலை எழுதுபவர் ஒருவர். பின்னொரு நாள் எடுத்து வாசிப்பவர் வேறொருவர்.

"மாதக் கட்டணம் தாருங்கள், எல்லாவற்றையும் வெளிநாட்டுச் சேவையகத்தில் நாங்களே நடத்துகிறோம்" என்பாரும் உண்டு. பொறியியலாளர் இல்லாத ஊரில் அது பெரிய ஆறுதல்தான். ஆயினும் பதிவேடு கைவிட்டுப் போகிறது. 2022இன் நீண்ட மின்வெட்டுகளையும் நினைத்துப் பாருங்கள். மின்சாரம் திரும்பியதும் எல்லா வீட்டுக் கருவிகளும் ஒரே நேரத்தில் அனுமதி கேட்கும். அவ்வேளை வெளித்தொடர்பு அறுந்திருந்தால், ஊருக்குள்ளே ஒருவரும் நுழைய முடியாது. தொலைவிலிருந்து வரும் மறுமொழியை இடைமறித்து, மறுப்பை அனுமதியாக மாற்ற இயலும் என்பதை 2024 ஜூலையில் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். ரேடியஸ் இன்னும் நம்பியிருக்கும் எம்டி5 என்னும் பழைய முறையின் பலவீனம் அது. சேவையகம் தொலைவில்தான் இருக்க வேண்டுமெனில், இடைப்பட்ட பாதை மறையாக்கம் செய்யப்பட்டதாக இருத்தல் அவசியம்.

என் தெரிவு, 1999 முதல் வளர்ந்துவரும் கட்டற்ற மென்பொருளான ஃப்ரீரேடியஸ். நூறு வீட்டுக்குச் சாதாரணக் கணினியொன்றும் மின்கலமும் போதும். பழகச் சில வாரங்கள் பிடிக்கும். இருவராவது பழகிக்கொள்ள வேண்டும். வேறெதை வாங்கினாலும், பதிவுகள் முழுவதையும் நாளை வெளியே எடுத்துச் செல்ல முடியுமா என்று கேட்டுவிட்டே பணத்தைக் கொடுங்கள்.

சேர்த்த நோக்கத்துக்கு வேண்டிய காலம் மட்டுமே தரவை வைத்திருக்கலாம் என்ற கோட்பாட்டை, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏற்றுள்ளது. இந்தியாவிலோ, அதே ஆண்டு ஏப்ரலில் வந்த அரச பணிப்புரை 180 நாள் பதிவுகளைப் பேணச் சொன்னது. சட்டம் கேட்பதைக் கொடுக்கத்தான் வேண்டும். அது கேளாததையும் சேர்த்து வைப்பானேன்?

எதைப் பதிகிறோம், எத்தனை நாள் வைத்திருக்கிறோம் என்பதை எழுதி நிறுவனத்தின் சுவரில் ஒட்டிவிடுங்கள். அதற்குத் தயங்குபவரிடம் நான் சந்தா கட்டமாட்டேன்.